பிலிப்பு மாஸ்டர், ஆறு காப்பி

1

எங்கள் வீட்டுக்காரரின் வீட்டுப் பத்திரம் அவருடைய அப்பாவின் பெயரிலேயே இருந்தது. அந்த அப்பா வீட்டை விட்டுக் கிளம்பியபோது வீட்டுக்காரருக்கு மூன்று வயது. இப்போது அறுபத்தாறு.

மணிலாவிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் மலோலோஸ் என்ற இந்த ஊர் வரும். இங்கே ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக நான் வந்து எட்டு வருடம் ஆகிறது. மனைவி சாந்தாமணி, பையன் பிரபு, நான் என்று மூன்று பேர். பழைய மரவீட்டின் மாடியில் பின்பாதி எங்களுக்கு, முன்பாதி வீட்டுக்காரர் இசிதோரோவுக்கும் அவர் மனைவி நேனாவுக்கும். கீழ்த்தளம் தண்ணீருக்கு. கடல் ஏறும் நாட்களில் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து கீழே முழங்கால் அளவுக்கு நிற்கும். வடிந்த பிறகு நேனா அக்கா துடைப்பத்தோடு இறங்குவார். இங்கே வயதில் பெரியவரை 'மாங்' என்று சொல்லி அழைப்பது மரியாதை. ஆகவே அவர் எங்களுக்கு மாங் இசிதோ.

நவம்பர் முதல் தேதி இந்த நாடே கல்லறையில் இருக்கும். சோறு, கறி, சீட்டுக்கட்டு, பாய் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் இறந்தவர்களோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். மாங் இசிதோ தன் அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மதியமே திரும்பிவிட்டார். வாசற்படியில் இன்னொன்றை ஏற்றினார்.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு. செத்தாரா என்று தெரியாதவருக்குக் கல்லறையில் எப்படி ஏற்றுவது?"

அன்றுதான் முழுவதையும் சொன்னார். அவர் அப்பா பெலிப்பே பேண்டு வாத்தியக்காரர். ஊமைப் படங்கள் ஓடிய காலத்தில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிப்பதற்காக ஒரு குழுவோடு கப்பலேறியவர். ரங்கூன், கல்கத்தா, மதராஸ் என்று அவர் போன இடங்களிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. படங்கள் பேச ஆரம்பித்ததும் குழு கலைந்தது. கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள், இவர் திரும்பவில்லை. பிறகு யுத்தம் வந்து கடிதமும் நின்றது, வந்திருந்தவையும் அதில் தொலைந்தன.

"அம்மா ஒரு நாளும் கறுப்பு உடுத்தவில்லை. விதவை இல்லை என்பாள். நான் தபாலாபீஸ் வேலைக்குப் போனதே, கடிதம் வந்தால் முதலில் நான் பார்க்க வேண்டும் என்றுதான். முப்பத்தைந்து வருடம் பார்த்தேன்."

இப்போது அவருக்கு வேண்டியிருந்தது கடிதம் அல்ல, இறப்புச் சான்று. அது இருந்தால் வாரிசுகள் கையெழுத்திட்டுப் பத்திரத்தை மாற்றலாம். இல்லாவிட்டால் கோர்ட்டு, எத்தனை வருடமோ. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு மேட்டுப்பக்கம் போகச் சொல்கிறார்கள். தொண்ணூறு வயது ஆகியிருக்க வேண்டிய, எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஒருவரின் வீட்டை யார் விற்பது? வருடத்துக்கு ஒரு படி வீதம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு உள்ளே போய், கடிதம் ஒன்றோடு வந்து அது மட்டும் மிஞ்சிய ஒரு போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். எங்கள் சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரைச் சுட்டிக்காட்டி, "இதன் பின்பக்கம் இருப்பது அதே சுருள் எழுத்துதானே?" என்று கேட்டார்.

போட்டோவில் வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான், கையில் டிரம்பெட்டோடு ஒரு மனிதர். சுற்றிலும் எட்டுப் பேர், பார்த்ததும் நம்மாட்கள் என்று தெரியும் முகங்கள். திருப்பினேன். கோயமுத்தூர் பெரிய கடை வீதி ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை. அதன் கீழே பென்சிலில்: 'ஆனைமலை பிலிப்பு மாஸ்டர். 6 காப்பி. தேருக்கு முந்திக் குடுக்கோணும்.'

கிணத்துக்கடவுதான் என் சொந்த ஊர். எங்கள் தோப்பிலிருந்து ஆனைமலைக்குப் பொள்ளாச்சி வழியாக ஒன்றரை மணி நேரம். அறுபது வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாமல் இருந்த ஒரு வரியை நான் உரக்கப் படித்தேன். மாங் இசிதோ மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன்.

2

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இருபத்தெட்டு நாள் லீவு. ஒப்பந்தத்தில் அதற்கு மேல் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கே போய்விடலாம் என்று இரண்டு தடவை முடிவெடுத்தோம். ஆனால் பிரபுவை எந்த வகுப்பில் சேர்ப்பது? அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பேச வருவதும் எங்கள் நினைப்புதான்.

இங்கே பெரியவர்களிடம் பேசும்போது சொல்லின் கடைசியில் 'போ' என்று சேர்ப்பார்கள். நம் பக்கத்து 'ங்க' மாதிரி அவ்வளவு மரியாதை அது. என் அப்பாவை அவன் அப்பாரு என்பான். சென்ற பொங்கலுக்கு அப்பா போனில், "கண்ணு, நல்லா இருக்கறயா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் போ!" என்றான் பிரபு, மிகப் பணிவாக.

அப்பா போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். "பேரன் என்னையப் போங்கறான். ஊட்டுக்கே வர வேண்டாம்னு சொல்லிப்போடு" என்று பின்னால் கேட்டது. நான் விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அந்த வருத்தத்தைச் சரிசெய்யத்தான் இந்த லீவுக்கு மூன்று பேரும் போனோம். ஆனால் இருபத்தெட்டு நாளில் பதினொரு நாளை நான் மாங் இசிதோவின் அப்பாவைத் தேடுவதில் செலவழித்தேன்.

"ஊரு தெரியாதவன் அப்பனத் தேடறயாக்கும். உன்ற அப்பன் இங்கதான்டா உக்காந்திருக்கறேன்" என்றார் அப்பா. மறுநாள் காலையில் போட்டோவை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினேன்.

3

பெரிய கடை வீதி ஸ்டுடியோ இருந்த இடத்தில் செராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரருக்குப் பழைய சமாச்சாரம் எதுவும் தெரியவில்லை. அடுத்தது, பொள்ளாச்சியில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் இருக்கும் அலுவலகம். குமாஸ்தா ரொம்ப மரியாதையானவர்.

"ஏனுங்க, எறந்தவரு உங்களுக்கு என்ன வேணுங்க?"

"இறப்புச் சான்று வேணுங்க."

"அதில்லீங்க. அவரு உங்களுக்கு என்ன ஒறவுன்னு கேட்டனுங்க."

"ஒறவில்லீங்க. பிலிப்பைன்ஸ்ல எங்க ஊட்டுக்காரருக்கு அப்பா."

பேனாவைக் கீழே வைத்தார். "எந்த வருசமுங்க?"

"தெரியாதுங்க."

"பேரு?"

"பெலிப்பே. இல்லாட்டி பிலிப்பு."

"இல்லாட்டின்னு பேரு போட்டு நாங்க பதியறதில்லீங்களே." அவர் சிரிக்கவில்லை. "வருசம் தெரியோணும். இல்லாட்டி வாரிசு யாராச்சும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க. எடுத்துத் தாரோம்."

அவர் சொன்னதில் தப்பேதும் இல்லை. மூன்று நாள் வேறு வேறு ஆட்களிடம் கேட்டும் இதே பதில்தான். எட்டு வருடம் இங்கே பிலிப்பைன்ஸ் அலுவலகங்களில் விசாவுக்காக வரிசையில் நிற்கும்போதெல்லாம், நம் ஊராக இருந்தால் பேசியாவது பார்க்கலாமே என்று நினைத்திருக்கிறேன். என் சொந்தப் பாஷையில் பேசியும் வெளியே நின்றேன்.

கடைசியில் ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். கடைவீதியில் பேண்டு செட் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. போட்டோவை நீட்டினேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"அட, பிலிப்பு மாஸ்டருங்க! எங்கப்பனுக்கு ஊதக் கத்துக் குடுத்தது இவருதானுங்க. மலைமேல தொரைமாரு கிளப்புல வாசிச்சிட்டிருந்தவரு, அப்பறம் இங்கயே இருந்துபோட்டாரு." போட்டோவில் கடைசியாக நின்ற ஒல்லியான ஆளைத் தொட்டார். "இதுதான் எங்கப்பன்."

"மாஸ்டர் எப்பத் தவறினாருங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. அவரு மகளைக் கேளுங்க. நர்ஸம்மா. சர்ச்சுக்குப் பொறகால ஊடு."

மகள். வெயிலில் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய், ஒன்றும் கிடைக்கவில்லை என்று மாங் இசிதோவுக்குச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. ஏறவில்லை.

4

மாங் இசிதோவின் முகம் சேலை கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தது. அதே சிறிய கண், அதே அகன்ற கன்னம். பெயர் ஸ்டெல்லா மேரி. கிராம சுகாதார நர்ஸாக இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். கணவர் இறந்துவிட்டார், மகன் திருப்பூரில். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் முற்றத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டார்.

"மணிலாவுல இருந்துங்களா?"

"பக்கத்துலீங்க."

"அவங்க நல்லா இருக்கறாங்களா?"

"யாருங்க?"

"எங்கண்ணனுக."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்பாவுக்கு அங்கே ஒரு மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்று அம்மா ஞானம்மாள் சொல்லியிருக்கிறார். ஞானம்மாள் தோட்ட வேலைக்குப் போன குடும்பத்துப் பெண். யுத்தம் நடந்தபோது அங்கே ஊரே எரிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துத்தான் பிலிப்பு மாஸ்டர் ஞானம்மாளைக் கட்டினாராம்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தண்ணீர் ஏறும் வீட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை.

"நாளைக்குக் காலைல வாங்க. பொறப்பு, எறப்பு எழுதறதே என்ற வேலையா இருந்துச்சுங்க. எங்கப்பனோடது எந்தப் பொஸ்தகத்துல இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

மறுநாள் பதினோரு மணிக்குள் சான்று கைக்கு வந்துவிட்டது. அதே குமாஸ்தா எழுந்து நின்று, "நர்ஸம்மா, உக்காருங்க" என்றார். பெயர்: பிலிப். தொழில்: பேண்டு மாஸ்டர். சொந்த ஊர்: மணிலா. தகவல் தந்தவர்: மகள் ஸ்டெல்லா மேரி. அப்போது அவருக்குப் பதினேழு வயது. பக்கத்திலேயே வக்கீலிடம் போய், அந்த வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"யோசிச்சுச் செய்யுங்க" என்றேன்.

"இதுல யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? அவங்களுக்குச் சேர வேண்டிய அப்பன நான் வெச்சிருந்தேன். ஊட்டையுமா கேப்பேன்?"

ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

5

ஆனைமலைக்குத் திரும்பியதும் காப்பி கொடுத்தார். பிறகு அலமாரியில் தன் வேலை சம்பந்தமான காகிதங்களோடு வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டப்பட்டிருந்தது.

"எனக்கு ஏழு வயசு இருக்கையில இது வந்துச்சுங்க. அதுக்கு முந்தி யுத்தம் முடிஞ்சதும் அங்க எல்லாரும் உசுரோட இருக்கறாங்கன்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சு, கடுதாசி போட்டாரு. இது பதிலு. படிச்சுப்போட்டு மூணு நாளு யாருகிட்டயும் பேசல. அப்பறம் பொட்டியப் பிரிச்சு துணிய எல்லாம் கொடியில போட்டுட்டாரு. போறதுக்குன்னு கட்டி வெச்சிருந்த பொட்டி. 'வான்னு கூப்பிட்டு எழுதியிருக்கறாங்க, மக மொகத்தப் பாத்து நின்னுட்டாரு'ன்னு எங்கம்மா சொல்லும். அதக் கேட்டே வளந்தனுங்க. ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம், என்னால எவனோ அப்பனில்லாம கெடக்கறானேன்னு இருக்கும். என்னன்னு எழுதியிருக்குதுன்னு இன்னி வரைக்கும் யாரும் படிச்சுச் சொன்னதில்லீங்க. நீங்க அந்தப் பாஷை படிப்பீங்களா?"

படிப்பேன். எட்டு வருடத்தில் மில் நோட்டீசும் பள்ளிக்கூடக் கடிதமும் படித்துப் படித்து வந்த பாஷை.

வாங்கி மனதுக்குள் முதலில் படித்தேன். மாங் இசிதோவின் அம்மா எழுதியது, அவர் தபாலாபீஸில் சேர்வதற்கு முந்திய தேதி. ஒரு பக்கம்தான். உயிரோடு இருப்பது தெரிந்ததில் சந்தோஷம் என்று ஆரம்பித்தது. பிறகு: 'அங்கே உனக்கு ஒரு பெண்குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இங்கே இருக்கும் மூன்று பேருக்கு நீ நல்லவன். அப்படியே இருந்துவிடு. வராதே. இனி எழுதாதே. உனக்காகக் காத்திருப்பவளாக நான் இருந்துகொள்கிறேன்.'

தலை நிமிர்ந்தபோது நர்ஸம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு தயாராகிவிட்டது. 'வாருங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்' என்று ஒரு வரி. முடிந்தது.

"பிரசவத்துல புள்ள செத்துப் பொறந்தா, தாய்கிட்ட எப்படிச் சொல்லலாம்னு யோசிக்கற மொகம் எனக்குத் தெரியுமுங்க" என்றார் அவர். "முழுங்காமப் படிங்க."

படித்தேன். ஒவ்வொரு வரியாக, தமிழில். முடித்ததும் அவர் வெகு நேரம் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப, என்னால இல்லீங்களா?"

அதைச் சொன்ன குரலில் பாரம் இறங்கியதும் இருந்தது, எதையோ பறிகொடுத்ததும் இருந்தது. எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"இதை எங்கண்ணனுக்குச் சொல்லப் போறீங்களா?"

"நீங்க சொல்லுங்க."

"அந்தம்மா காத்திருந்தாங்கன்னுதானே அவரு நெனச்சிட்டிருக்கறாரு? நெனச்சுக்கட்டும். எனக்கு இத்தன வருசம் ஒண்ணு இருந்துச்சு, இன்னிக்குப் போச்சு. அவருக்காச்சும் இருக்கட்டும்." கடிதத்தை வாங்கி மடித்தார். செராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இது இந்த ஊட்ட உட்டு வெளிய போகாதுங்க."

6

மலோலோஸுக்கு வந்து சான்றையும் வக்கீல் காகிதத்தையும் மாங் இசிதோவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தைத் தவிர. ஞானம்மாள், கிளப்பு, ஊர் எரிந்துவிட்டது என்று பெலிப்பே நம்பியது, மகள்.

ஒரு வாரம் அவர் எங்களோடு பேசவில்லை. நேனா அக்கா மட்டும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். எட்டாம் நாள் காலையில் மாங் இசிதோ கதவைத் தட்டினார்.

"அவள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?"

"ஸ்டெல்லா மேரி."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நல்லவேளை, அம்மா இது எதுவும் தெரியாமல் போய்ச் சேர்ந்தாள். தெரிந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாள்" என்றார்.

ஆமாம் என்று சொன்னேன். சொல்லின் கடைசியில் மரியாதைக்கு ஒரு 'போ' சேர்த்துச் சொன்னேன்.

பெலிப்பேயும் பிலிப்பும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு சத்தியக் காகிதம் எழுதி, எட்டு மாதத்தில் பத்திரம் அவர் பெயருக்கு மாறியது. பிள்ளைகள் போனில் சந்தோஷப்பட்டார்கள், வாங்க ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். மாங் இசிதோ வேண்டாம் என்றுவிட்டார்.

"நாற்பது வருடம் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீடு. அதை எப்படி விற்பேன்?"

நேனா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். அவருக்கு முட்டிவலி. படி இறங்கி ஏறுவதற்கு இப்போதெல்லாம் சாந்தாமணி கைகொடுக்கிறாள். ஒரு வாக்கியம் சொன்னால் அந்த அம்மாள் மேட்டுப்பக்கம் போய்விடலாம். அந்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது. "சொல்லித் தொலையுங்களேன்" என்று சாந்தாமணி ஒரு நாள் சொன்னாள். மறுநாள் அவளே, "வேண்டாங்க, அவரு மொகத்தப் பாக்க முடியாது" என்றாள். வேறு வீடு பார்த்துப் போகலாம் என்று பேசினோம். வாடகை வீட்டுக்கு உள்ளூர் ஆள் ஒருவர் ஜாமீன் கையெழுத்திட வேண்டும். எங்களுக்கு அப்படி இருப்பவர் மாங் இசிதோ ஒருவர்தான்.

7

இந்த வருடம் நவம்பர் முதல் தேதி எங்களையும் கல்லறைக்கு அழைத்துப் போனார். அம்மாவின் கல்லில் அப்பாவின் பெயரையும் புதிதாக வெட்டியிருந்தார். அம்மாவின் பெயருக்குக் கீழே 'கடைசிவரை காத்திருந்தவள்' என்று ஒரு வரி. பிரபு அதை உரக்கப் படித்து, "அழகா இருக்குப்பா" என்றான்.

அங்கேயே மாங் இசிதோ என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "என் தங்கைக்கு உன் பாஷையில் ஒரு கடிதம் எழுது. அப்பா கைப்பட எழுதியது, அப்பாவுக்கு வந்தது, ஏதாவது ஒரு துண்டுக் காகிதம் அவளிடம் இருக்குமா என்று கேள். தபாலாபீஸில் எத்தனையோ பேர் கடிதத்தை நான் தொட்டிருக்கிறேன். அவருடையது ஒன்றுகூட என்னிடம் இல்லை."

எழுதினேன். அவர் கேட்டதை அப்படியே எழுதினேன், என் கருத்து எதுவும் சேர்க்காமல். பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. மாங் இசிதோவே தபால்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கி, பிரிக்காமல் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தார். பிரித்தேன்.

'அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்க. அவங்கம்மா வர வேண்டாமுன்னு எழுதுன கடுதாசி என்கிட்ட இருக்கறத எக்காரணம் கொண்டும் சொல்லிப்போடாதீங்க. அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லுங்க. கர்த்தர் மன்னிப்பாரு.'

"என்ன எழுதியிருக்கிறாள்?"

"உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். காகிதம் எதுவும் இல்லையாம். ஜெபம் செய்கிறாராம்."

அவர் தலையாட்டினார். கை நீட்டினார். மாற்றிப் படித்ததைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று கடிதத்தை மடித்தேன். அவருக்கு வேண்டியிருந்தது கடிதம் மட்டும்தான். தங்கை கையெழுத்தாயிற்றே என்றார். கொடுக்க முடியாது என்று சொல்வதற்கு என்னிடம் என்ன காரணம் இருந்தது?

கண்ணாடிச் சட்டம் போட்டு, மாடி ஏறியதும் எதிரில் தெரியும் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் சுருள் எழுத்தைக் காட்டுகிறார். அடுத்த வாரம் எங்கள் மில்லுக்குக் கோயமுத்தூரிலிருந்து புதிதாக இரண்டு ஃபிட்டர்கள் வருகிறார்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொல்லி, நேனா அக்காவிடம் இப்போதே கோழி சொல்லி வைத்துவிட்டார் மாங் இசிதோ.